பதறாத விரல்



துப்பாக்கியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், போரைப் பற்றியோ வேட்டையைப் பற்றியோ சொல்லுவேன் என நீங்கள் எதிர்பார்க்கலாம். இரண்டும் இல்லை. ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நான் மாணவனாக அமர்ந்து கற்ற பாடத்தையே சொல்லப் போகிறேன். அப்போது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், நான் பல ஆண்டுகள் குடியிருந்தேன். அங்கே வார இறுதியில் பொதுமக்களுக்கு ரைபிள் சுடக் கற்பிக்கும் வகுப்புகள் நடப்பதுண்டு. அவற்றுள் சிலவற்றில் ஒரு புதுமை உண்டு. சுடும் பயிற்சிக்கு இடையிடையே, 1775-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் மாசசூசெட்ஸில் நடந்த நிகழ்ச்சிகளைக் கதையாக எடுத்துரைப்பார்கள். அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய நாள் அது. சரித்திரத்தில் விருப்பம் உள்ளவன் ஆகையால் நானும் பெயர் கொடுத்தேன்.

ஜூலை மாதம். நிழலிலேயே வெப்பம் நூறு டிகிரியைத் தாண்டியிருந்தது. வேலூர் வெயிலில் வளர்ந்த எனக்கு இது ஒரு பொருட்டா என்று எண்ணிக்கொண்டேன். அந்த எண்ணம் நண்பகல் வரைதான் நிலைத்தது.

முதலில் விதிகளைச் சொன்னார்கள். குழலின் வாய் எப்போதும் ஆபத்தில்லாத திசையையே நோக்கியிருக்க வேண்டும். கட்டளை வரும்வரை குண்டு போடலாகாது. குறி கண்ணில் அமையும்வரை விசையில் விரலை வைக்கலாகாது. உடன் இருப்போரும் இவற்றைக் கடைப்பிடிக்கின்றனரா என்று ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும். யாரேனும் தவறினால், 'நிறுத்து!' என்று குரல் கொடுக்கும் உரிமை வரிசையில் உள்ள அனைவருக்கும் உண்டு. சிறு பிள்ளைக்கும் உண்டு.

பின்னர் சுடும் முறையைக் கற்பித்தார்கள். குறிப்பலகை 25 கஜத் தூரத்தில் இருந்தது. ஆனால் அதில் வரைந்த உருவங்கள் சுருங்கிக்கொண்டே போயின. 400 கஜத்துக்கு அப்பால் நிற்பவன் கண்ணுக்கு எத்துணைச் சிறியவனாகத் தெரிவானோ, அத்துணைச் சிறியதாக, ஆளின் அளவில் பதினாறில் ஒரு பங்காகக் கடைசி உருவம் இருந்தது. தோல்வாரைக் கையில் இறுகச் சுற்றித் தரையில் குப்புறப் படுக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு தொடங்குமுன் உடல் அசைவற்றிருக்கும் அந்தச் சிறு இடைவேளையில், பார்வையைக் குழலின் நுனியிலுள்ள முள்ளின்மேல் நிறுத்தி, விசையை மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். குண்டு சென்ற பிறகும் ஒரு கணம் விரலை எடுக்காமல் அப்படியே இருக்க வேண்டும். வலிமைக்கு இங்கே வேலை இல்லை. பொறுமைக்கே வேலை.

பொறுமையை வெயில் கரைத்துவிடுகிறது. உடலில் நீர் குறையக் குறைய நெஞ்சு படபடக்கிறது. அந்தத் துடிப்பு தோல்வாரின் வழியே துப்பாக்கியை அசைக்கிறது. வியர்வை கண்ணில் வழிந்து குறியை மறைக்கிறது. எரிச்சலில் விரல் முந்திக்கொள்கிறது. என் குண்டுகள் பலகையெங்கும் சிதறிக் கிடந்தன. எனக்கு இடப்பக்கத்தில் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி படுத்திருந்தாள். அவளுடைய குண்டுகளோ ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும்படி நெருங்கி விழுந்தன. அதைக் கண்டு எனக்கு வெட்கமும் கோபமும் வந்தன.

பிற்பகலில் அது நேர்ந்தது. என் துப்பாக்கியில் இன்னும் மூன்று குண்டுகள் இருந்தன. தாகம் தாங்கவில்லை. தண்ணீர்க் குப்பியை எடுக்க இடப்பக்கம் திரும்பினேன். என்னோடு துப்பாக்கியும் திரும்பியது.

"நிறுத்து!" என்று அந்தச் சிறுமியின் குரல் ஒலித்தது.

வரிசை முழுவதும் ஒரே நொடியில் அடங்கிற்று. பார்த்தேன். என் குழலின் வாய் அவளுடைய தோளை நோக்கியிருந்தது. என் விரல் விசையின் மேல் இருந்தது.

ஆசிரியர் வந்து துப்பாக்கியை வாங்கிக் குண்டுகளை அகற்றினார். ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. என்னை நிழலில் அமர்த்தி, தண்ணீர் கொடுத்தார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். சற்று நேரத்தில் அனைவரும் நிழலுக்கு வந்தனர். கதை தொடங்கியது.

லெக்சிங்டன் என்னும் சிற்றூரின் புல்வெளியில், விடியற்காலையில், ஏறத்தாழ 77 பேர் கொண்ட ஊர்ப்படை நின்றது. தலைவர் ஜான் பார்க்கர், காசநோயால் மெலிந்தவர். அவ்வாண்டு செப்டம்பரிலேயே இறந்துபோனார். எதிரே பிரிட்டிஷ் படை வந்தது. அதை முன்னின்று நடத்தியவர் மேஜர் பிட்கெய்ர்ன். சுட வேண்டாம், கலைந்து செல்லுங்கள் என்று பார்க்கர் தம்மவருக்குச் சொன்னார். சுடலாகாது என்றுதான் தாமும் ஆணையிட்டதாகப் பிட்கெய்ர்ன் பின்னர் எழுதினார். ஆயினும் எங்கிருந்தோ ஒரு வெடி கிளம்பிற்று. அதைச் சுட்டவர் யார் என்பது இன்றளவும் முடிவாகவில்லை. மறுகணம் பிரிட்டிஷ் வீரர்கள் சரமாரியாகச் சுட்டனர். ஊர்ப்படையில் எட்டுப் பேர் மாண்டனர். காயமுற்றோருள் பிரின்ஸ் எஸ்டப்ரூக் என்ற கறுப்பினத்தவரும் ஒருவர். பிறர் விடுதலைக்காகக் குருதி சிந்திய அவர் அன்று ஓர் அடிமை!

அன்று மாலைக்குள், லெக்சிங்டனிலும் கன்கார்டு பாலத்திலும் பாஸ்டன் திரும்பும் நெடுஞ்சாலையிலுமாக, பிரிட்டிஷ் படையில் 73 பேரும் குடியேற்றத்தாரில் 49 பேரும் உயிர் நீத்தனர். சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது 1783-இல். தலைவர் இருவரும் வேண்டாமென்ற ஒரு வெடிக்குப் பின்னே எட்டு ஆண்டுப் போர்! அதன் காரணங்கள் வரியிலும் சட்டத்திலும் நெடுநாளாக ஊறிக் கிடந்தவை என்பது மெய்யே. ஆனால் அந்தக் காலைப்பொழுதின் எட்டு உயிர்களைப் பறித்தவை பதறிய விரல்கள்தாம். அவ்விரல்களுள் ஒன்று என்னுடையது போலவே எனக்குத் தோன்றிற்று.

சரித்திரத்தைச் சரியாகச் சொல்வதானால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று அந்த உழவர்களிடம் பெரும்பாலும் இருந்தவை ரைபிள்கள் அல்ல; மஸ்கெட் எனப்படும், உட்புறம் வழுவழுப்பான குழல் கொண்ட துப்பாக்கிகளே. அவற்றைக் கொண்டு நூறு கஜத்துக்கு அப்பால் ஒருவரைக் குறி தவறாமல் அடிப்பது அரிது. குழலின் உட்புறத்தில் திருகாகப் பள்ளம் வெட்டிக் குண்டைச் சுழல வைப்பது ரைபிள். அதில் தேர்ந்தவர்கள் பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா எல்லைப்புறத்தார். அவர்களைக் கொண்டு பத்துப் படைப்பிரிவுகள் திரட்டுமாறு காங்கிரஸ் தீர்மானித்தது 1775 ஜூன் 14-ஆம் நாள்தான். வீரக்கதைகள் இனியவை; ஆனால் அவற்றையும் குறி பார்த்தே சொல்ல வேண்டும்.

மறுநாள் போவதா வேண்டாமா என்று இரவெல்லாம் எண்ணினேன். போனேன். முதலில் அந்தச் சிறுமியிடம் சென்று மன்னிப்புக் கேட்டேன். "விதி அப்படி, ஐயா, நீங்களும் எனக்குச் சொல்லியிருப்பீர்கள்" என்றாள்.

அன்றைய தேர்வில் 250-க்கு 210 புள்ளி எடுத்தால் சின்னம் தருவார்கள். கடைசிச் சுற்றில் வியர்வை மீண்டும் கண்ணை மறைத்தது. இரண்டு குண்டுகள் மிச்சம் இருந்தன, நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. விரலை எடுத்தேன். துப்பாக்கியைக் கீழே வைத்தேன். அவ்விரு குண்டுகளையும் சுடவே இல்லை. எனக்குக் கிடைத்தவை 187 புள்ளிகள். சின்னம் அந்தச் சிறுமிக்குப் போயிற்று. நான் முழு மனத்தோடு கை தட்டினேன்.

தேசிய மாணவர் படையில் சேர்ந்துள்ள உங்களுள் சிலர் துப்பாக்கியைத் தொட்டிருப்பீர்கள். மற்றவர்கள் ஒருபோதும் தொடாமலே இருக்கலாம். ஆனால் பேனாவைத் தொடுவீர்கள்; அதிகாரத்தைத் தொடும் நாளும் வரும். அங்கெல்லாம் விசை உண்டு, வெயிலும் உண்டு. பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. அருகில் இருப்பவர் 'நிறுத்து!' என்று சொன்னால், அவர் எவ்வளவு சிறியவராயினும், நின்று பாருங்கள்.