முப்பத்தைந்தில் ஒரு பங்கு



கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குச் செல்லும் வழியில், 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் இத்தீவுகளைத் தம் கையில் வைத்திருந்த காலத்தில் கட்டிய பதுங்கு அறைகள் இன்றும் கடலைப் பார்த்து நிற்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் போர் என்றால் நினைவுக்கு வருவது அந்தச் சிமென்ட் அறைகளே. டாங்கி என்பதை அவர்களுள் பெரும்பாலோர் குடியரசு நாள் அணிவகுப்புப் படத்தில் கண்டிருப்பரேயன்றி நேரில் கண்டிரார். ஆயினும் அந்தமானின் தீவுகளுள் இரண்டு இன்று டாங்கி வீரர் இருவரின் பெயரைக் கொண்டிருக்கின்றன.

அதுகாறும் பெயரின்றிக் கிடந்த தீவுகளுள் பெரியவையான 21-க்கு, 2023-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள், பரம்வீர் சக்கரம் பெற்ற வீரர் 21 பேரின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவர்களுள் லெப்டினன்ட் கர்னல் தாராப்பூர், செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால் ஆகிய இருவரும் பூனா ஹார்ஸ் என்னும் ஒரே படைப்பிரிவினர். இருவரும் செஞ்சூரியன் டாங்கியில் நின்று போர் புரிந்தவர்கள். முன்னவர் 1965 செப்டம்பர் 16-இலும், பின்னவர் 1971 டிசம்பர் 16-இலும் வீழ்ந்தனர். கேத்தர்பாலுக்கு அப்போது வயது 21. படையில் அதிகாரியாகச் சேர்ந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. டாங்கி தீப்பற்றிய நிலையில், அதை விட்டு இறங்கும்படி வயர்லெஸ்ஸில் ஆணை வந்தது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது என்று கூறி, அவர் இறங்க மறுத்தார்.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். தாராபூர் என எழுதுவதா, தாராப்பூர் என எழுதுவதா என்று நம் மேசையில் ஒரு பிற்பகல் முழுதும் விவாதம் நடந்தது. ஒற்றெழுத்து ஒன்றுக்காக இவ்வளவு நேரம் செலவிட்ட நாம், அம்மனிதர்கள் நின்ற வண்டி எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம் என்பதைக்கூட அறியவில்லையே என்று அன்று மாலை தோன்றியது. அறிந்துகொள்ள ஒரே வழி அதைச் செய்து பார்ப்பதுதான் என முடிவு செய்தோம். பி.ஏ.வில் வரலாறு படித்தவனுக்கு உளியும் அரமும் எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். அதற்கு இன்றளவும் நம்மிடம் தக்க விடை இல்லை.

செஞ்சூரியன், இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945-இல் பிரிட்டனில் உருவானது. எடை சுமார் 50 டன். நால்வர் ஏறிச் செல்வர். அதன் இயந்திரம் ரோல்ஸ் ராய்ஸ் மீட்டியர். ஸ்பிட்ஃபயர் விமானத்தை வானில் செலுத்திய மெர்லின் இயந்திரத்தின் வழி வந்தது. 650 குதிரைத்திறன் இருந்தும் மணிக்கு 35 கிலோமீட்டர் ஓடுவதே அரிது. தேநீருக்கு வெந்நீர் காய்ச்ச மின்சாரப் பாத்திரம் ஒன்றையும் அதனுள் பொருத்தினார்கள். ஆங்கிலேயர் எதை மறந்தாலும் அதை மறவார் போலும்.

குழலை நீக்கிப் பார்த்தால் உடலின் நீளம் ஏறக்குறைய 7.6 மீட்டர், அகலம் 3.4, உயரம் 3. இதை முப்பத்தைந்தில் ஒரு பங்காகக் குறுக்கினால் 21.7 சென்டிமீட்டர் நீளம், 9.7 அகலம், 8.6 உயரம் வருகிறது. பெரிய பென்சில் பெட்டி அளவு. முப்பத்தைந்து என்ற இக்கணக்கு எங்கிருந்து வந்தது? 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் டமியா நிறுவனத்தார் பொம்மை டாங்கி ஒன்றைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பாட்டரிகளும் அடங்கும்படி உடலை அமைத்தனர். பின்னர் அளந்து பார்க்க முப்பத்தைந்தில் ஒன்றாக இருந்ததாம். அந்தத் தற்செயல் உலகெங்கும் வழக்காகிவிட்டது.

பெட்டியில் வரும் உதிரிகளை ஒட்டிச் செய்வது ஒரு வகை. தகட்டை அறுத்து, ஒவ்வோர் உறுப்பையும் தாமே செய்வது மற்றொரு வகை. நாம் பின்னதைக் கைக்கொண்டதற்குக் கொள்கை காரணமன்று; தீவுவாசமே காரணம். தீப்பற்றும் பெயிண்டும் கரைப்பானும் விமானத் தபாலில் வாரா. கப்பலில் வருபவை வரும்போது வரும். ஆகவே கடைவீதியில் கிடைப்பதைக் கொண்டே செய்யத் துணிந்தோம். பெயர்ப்பலகை எழுதுபவரிடம் மிஞ்சிய பி.வி.சி. தகட்டுத் துண்டுகள் உடலாயின. தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபில்கள் குழாய்களாயின. முதலில் அட்டையில் செய்த உடல், மே மாத இறுதியில் மழை பிடித்ததும் பப்படம்போல் வளைந்துவிட்டது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்யும் ஊரில் அட்டையை நம்பியது நம் பிழைதான். ஈரக்காற்றில் விரைவுப்பசை வெண்மையாகப் பூத்துவிடும், பெயிண்டும் மங்கிப்போகும். எனவே வண்ணம் பூசுவதை ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட நாட்களுக்கென்று ஒதுக்கினோம்.

மிகவும் தொல்லை தந்தது கனம். செஞ்சூரியனின் முன்புறக் கவசம் 76 மில்லிமீட்டர். குறுக்கினால் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அது எளிது. ஆனால் சக்கரங்களை மறைக்கும் பக்கத் தகடுகள் ஐந்தாறு மில்லிமீட்டர்தான். அதன் முப்பத்தைந்தில் ஒரு பங்கு, விசிட்டிங் கார்டைவிட மெல்லியது. அங்கே ஒரு மில்லிமீட்டர் தகடு வைத்தால் பார்வைக்கு அழகாகவே இருக்கும். ஆனால் மூலத்தில் அரை வரியாக இருந்ததை மூன்று வரியாக மொழிபெயர்த்த குற்றம் நேரும். குளிர்பான டப்பாவை வெட்டி விரித்து, அந்த அலுமினியத்தையே பக்கத் தகடாக்கினோம். நிஜ வண்டியில் அத்தகடுகள் மரத்திலும் சுவரிலும் மோதி நெளிந்திருக்கும். இவையும் விரல் பட்டாலே நெளிந்தன.

சங்கிலிப் பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. இரு பக்கத்துக்கும் சேர்த்து இருநூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகள். ஒன்றை மட்டும் கவனமாகச் செதுக்கி, சன்னல் இடுக்கை அடைக்கும் சிலிக்கோனில் சோளமாவு பிசைந்து அச்சு எடுத்தோம். குழாய் ஒழுக்கை அடைக்கும் எம்-சீலை அதில் அழுத்தி, இறுகியபின் பெயர்த்தோம். மாலைக்கு நான்கு கண்ணி, சில நாள் ஆறு. இவ்வாறு ஒரு மழைக்காலம் கழிந்தது.

இந்நிலையில் அண்டை வீட்டுக்கு, கண் சிகிச்சைக்காக, காம்ப்பெல் பேயிலிருந்து முதியவர் ஒருவர் வந்து தங்கினார். 1969 தொடங்கி முன்னாள் படைவீரர் குடும்பங்கள் பெரிய நிக்கோபாரில் குடியமர்த்தப்பட்டதை நேயர்கள் அறிவீர்கள். அவரும் அவ்வாறு சென்றவர், பிறந்தது தமிழ்நாட்டில். எண்பது வயதை எட்டியவர். நம் சன்னலருகே நின்று, ஒரு கண்ணில் கட்டுடன், மேசையிலிருந்த உருவத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது செஞ்சூரியன் அல்லவா, தம்பி?" என்றார்.

அவர் செஞ்சூரியன் ஓட்டியவர். 1971-இல் அதில்தான் இருந்தாராம். பட்டாளத்தில் எடுத்த புகைப்படங்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருந்தனவாம். 2004 டிசம்பர் 26-இல் கடல் வீட்டுக்குள் வந்தபோது பெட்டியும் போயிற்று. இதை அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மனிதர் போன ஊரில் பெட்டியைப் பற்றிப் பேசுவது தகாது என்று நினைத்தார் போலும்.

வரைபடமும் படங்களும் வைத்து நாம் செய்திருந்ததை அவர் தடவியே திருத்தினார். கோபுரத்தின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தது. "இது வார்ப்பு எஃகு ஐயா, மணல் அச்சில் வார்த்தது. கையை வைத்தால் சொரசொரக்கும்," என்றார். ஐயா என்று அவர் நம்மை அழைத்தது கூச்சமாக இருந்தது. வேலை சரியில்லாதபோது மட்டுமே அவர் அவ்வாறு அழைப்பார் என்பதைப் பின்னர் அறிந்தோம். மக்கு பூசி, பழைய பல்தேய்ப்பானால் குத்திக் குத்திச் சொரசொரப்பு உண்டாக்கினோம்.

மற்றொரு திருத்தம் நாம் எதிர்பாராதது. பீரங்கிக் குழலை நேர்முன்னாகத் தாழ்த்தி வைத்திருந்தோம். படங்களில் அப்படித்தான் கம்பீரமாகத் தெரிந்தது. அவர் அதைக் கண்டதும் முகம் மாறினார். ஓட்டுநரின் இருக்கை முன்புறம் வலப்பக்கத்தில் உள்ளது. தலைக்கு மேல் இரட்டைக் கதவுபோல் மூடி. "குழல் இங்கே நின்றால், கீழே இருப்பவன் எப்படி வெளியே வருவான், ஐயா?" என்றார். மேலே இருக்கும் மூவரும் எந்தப் பக்கமாவது குதிக்கலாம். ஓட்டுநனுக்கு அந்த ஒரு வழிதான். வண்டி அடிபட்டால் குழல் எங்கே நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை. "நாங்கள் மேலே இருப்பவரிடம் தினமும் சொல்லிவைப்போம்," என்று மட்டும் கூறி நிறுத்திக்கொண்டார். எவருக்காவது அவ்வாறு நேர்ந்ததா என்று நாம் கேட்கவில்லை.

நாம் பார்த்த நூல்களில் மூடியின் நீளமும் அகலமும் இருந்தன. விடுப்புப் பயணச் சலுகையில் அகில்யாநகர் டாங்கி அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு சென்று, அங்கிருந்த செஞ்சூரியன் முன் ஒரு மணி நேரம் நின்றும் வந்திருந்தோம். பிள்ளைகள் ஐஸ்கிரீம் கேட்டு அழுததுதான் மிச்சம். இது நம் கண்ணில் படவில்லை.

கோபுரத்தை ஒட்டியாகிவிட்டது. அதைப் பெயர்க்க இரண்டு மாலைகள் ஆயின. ஒரு பக்கத் தகடு கிழிந்தது. இப்போது குழல் சற்றே இடப்புறம் திரும்பியிருக்கிறது. இரண்டு மூடிக் கதவுகளையும் அறுத்து, திறந்த நிலையில் பொருத்தியுள்ளோம். திறந்தால் உள்ளே வெறுமை தெரியுமே என்று, ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் இருக்கை ஒன்றும், ஊசிமுனைபோல் இரண்டு கைப்பிடிகளும் செய்து வைத்தோம். கைப்பிடிகள் இன்னும் நெருங்கியிருக்கவேண்டும் என்று தம் முழங்கால்களுக்கு இடையில் கையை வைத்துக் காட்டினார்.

கண்கட்டு அவிழ்த்தாகிவிட்டது. காம்ப்பெல் பே, கடல்வழியே 500 கிலோமீட்டருக்கு அப்பால். அடுத்த கப்பலுக்கு அவர் சீட்டு வாங்கிவிட்டார். டாங்கியை அவருடன் அனுப்புவதென்று ஏற்பாடு. சக்கரங்களில் சேறு பூசவேண்டும். எந்த நிறம் என்று கேட்டதற்கு, டிசம்பர் மாதத்துப் பஞ்சாப் மண் என்றார். நம் தோட்டத்துச் செம்மண் ஒவ்வாது என்பதால், சாம்பலும் காப்பித்தூளும் கலந்து மூன்று கிண்ணங்களில் குழைத்து வைத்திருக்கிறோம். நாளைக் காலை அவர் வந்து ஒன்றைத் தேர்வு செய்வார்.