கோடு கண்ட உடலும் சட்டம் கண்ட ஆபாசமும்

மனித உடலை வரைவது தென்காசிச் சீமைக்குப் புதிதன்று; அந்த உடலைக் கொண்டு அதிகாரத்தைக் கேள்வி கேட்பதுதான் இங்கே குற்றமாக்கப்பட்டது என்று உரக்கச் சொல்லவே இந்த மேடை போடப்பட்டிருக்கிறது. உருவக் கோட்டோவியம் என்பது வண்ணத்தை நம்பாமல், பென்சிலோ மையோ கொண்டு மனித உருவத்தைக் கோட்டிலேயே நிறுத்தும் கலை. அந்த உருவம் ஆணா பெண்ணா திருநரா, எந்தச் சாதித் தெருவில் பிறந்தது, யாரை விரும்புகிறது, யார் முன் கைகட்டி நிற்கிறது என்ற கேள்விகளை இன்றைய ஓவியர்கள் அந்தக் கோட்டுக்குள் கொண்டுவந்ததால், கூடத்தில் மாட்டும் படமாக இருந்தது காவல் நிலையத்துக்குப் போகும் பொருளாயிற்று.

2017 அக்டோபர் 23ஆம் நாள், குறைதீர்க்கும் நாளான திங்கட்கிழமையில், கடையநல்லூர்ப் பக்கத்துக் காசிதர்மத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர், கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனுக் கொடுத்தும் பலன் காணாமல், திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் தீக்குளித்தார். நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை. மிகை வட்டியைத் தடுக்கும் சட்டம் 2003லேயே இயற்றப்பட்ட மாநிலத்தில் இது நடந்தது. கார்ட்டூனிஸ்ட் பாலா அதைப் படமாக வரைந்தார்: தீயில் கிடக்கும் ஒரு குழந்தை, எதிரே ஆடையின்றி நிற்கும் முதலமைச்சர், மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், மூவரும் பணக்கட்டுகளால் மானத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். நவம்பர் 5 அன்று அவர் கைது செய்யப்பட்டார். அவதூறுக்குரிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 501ஆம் பிரிவோடு, மின்னணு வழியில் ஆபாசம் பரப்புவதற்குரிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவும் அவர்மேல் பாய்ந்தது. மறுநாள் பிணை கிடைத்தது; உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்வதற்கு 2021 ஆயிற்று.

அந்தப் படத்தில் காமம் எங்கே இருக்கிறது? பதவியின் சட்டையை உரித்துவிட்டால் எஞ்சுவது என்ன என்று கேட்கவே அங்கே நிர்வாணம் வந்தது. பணக்கட்டே ஆடையாகிவிட்டது என்பதுதான் அந்தக் கோடு சொன்ன செய்தி. பார்ப்பவரின் இச்சையைக் கிளறுவதற்கென்றே செய்யப்படுவது ஆபாசம். பார்ப்பவரின் மனச்சாட்சியைச் சுடுவதற்காகச் செய்யப்பட்ட ஒன்றின் மேல் அந்தப் பிரிவைச் சுமத்தியது ஒழுக்கத்தைக் காக்கவன்று, நாற்காலியைக் காக்கவே.

ஆபாசம் என்ற சொல் இப்படிக் கையாளப்படுவது இது முதல் முறையுமன்று. 1954இல் பம்பாயில் காதலர் இருவரின் உடலைத் தீட்டியதற்காக ஓவியர் அக்பர் பதம்சி வழக்கில் இழுக்கப்பட்டு விடுதலையானார். அதே பதம்சியின் படைப்புகளையும் எஃப்.என். சூசாவின் கோட்டோவியங்களையும், மொத்தம் ஏழு படைப்புகளை, 2023இல் மும்பைச் சுங்கத்துறை ஆபாசம் என்று பறிமுதல் செய்தது. பாலுணர்வும் ஆபாசமும் எப்போதும் ஒன்றாகிவிடாது என்று சொல்லி அவற்றை விடுவிக்க மும்பை உயர் நீதிமன்றம் 2024 அக்டோபரில் ஆணையிட வேண்டியிருந்தது. எழுபது ஆண்டுகளில் ஓர் அரசு அலுவலகம் இதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை என்பது வெட்கத்துக்குரியது.

இத்தகைய ஆபாசக் குற்றச்சாட்டுக்கு மறுமொழியாகக் கோயில் சிற்பங்களைக் காட்டுவது வழக்கம். காட்டுவதற்கு இங்கே இல்லாமலில்லை. 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த தென்காசி காசி விசுவநாதர் கோயில் மண்டபத்தில் ரதியும் மன்மதனும் இடையும் தொடையும் கல்லில் குழைய நிற்கிறார்கள். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான குற்றாலத்துச் சித்திர சபையில் இறைவன் செப்புத் திருமேனியாக இல்லை. சுவரில் தீட்டிய உருவமாகவே பூசை கொள்கிறார். வரைந்த உடலுக்குத் தீபாராதனை காட்டிய மண் இது. ஆயினும் அந்தப் பெருமையோடு நின்றுவிடுவது அரை உண்மையே ஆகும். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சி குறப்பெண்ணுக்குக் கம்பீரமான குரலைக் கொடுத்தது. ஆனால் அந்தப் பெண் தன் உடலைத் தானே வரைய அன்று இடமிருந்ததா? ரதியைச் செதுக்கிய உளி ஆணின் கையில் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியாரை நெடுங்காலம் தடுத்த வாசல்களுக்கு உள்ளேதான் அத்தகைய அழகெல்லாம் இருந்தது.

உடல்களுக்கிடையேயான அந்த வேறுபாடு இன்றும் தொடர்வதைக் காண, சீசன் நாளில் குற்றாலப் பேரருவிக் கரையில் நின்று பார்த்தால் போதும். எண்ணெய் பூசிய முதுகும் இடுப்பில் ஒரு துண்டுமாக ஆண்கள் நடுப்பாதையில் நடக்கிறார்கள். யார் கண்ணும் கூசுவதில்லை. பெண்களோ தனியே ஒதுக்கிய பகுதியில் புடவையோடும் சுடிதாரோடும் நனைந்து, ஈரத்துணியை இழுத்து இழுத்து மூடியபடி வெளியேறுகிறார்கள். எந்த உடல் பொதுவெளிக்கு உரியது, எந்த உடல் ஒளிய வேண்டியது என்ற இந்தப் பாகுபாட்டைத்தான் இன்றைய உருவ ஓவியம் கேள்விக்குள்ளாக்குகிறது.

ஆணை விரும்பும் ஆணாகத் தன்னை மறைக்காமல் வரைந்தவர் பூபேன் காக்கர். 1981இல் அவர் தீட்டிய ஓவியத்தில் மாடத்தில் ஆடையின்றி நிற்கும் மனிதன் ஊரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த உடலில் கவர்ச்சி இல்லை, ஒளிந்து வாழ்ந்த களைப்பு இருக்கிறது. ஒருவர் தம்மை ஆணாகவோ பெண்ணாகவோ வேறாகவோ உணர்வது பாலின அடையாளம், யாரிடம் ஈர்ப்புக் கொள்கிறார் என்பது பாலீர்ப்பு. முன்னதை 2014இலும் பின்னதை 2018இலும் உச்ச நீதிமன்றம் உரிமையாக ஏற்றுவிட்டது. திருநங்கையருக்கென 2008இலேயே நலவாரியம் கண்டது தமிழ்நாடு. சிவனும் திருமாலும் ஒரே உடலில் பாதி பாதியாக நிற்கும் சங்கரன்கோவில் இந்தத் தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆடித்தபசுக்கு அங்கே திரளும் மக்களுக்கு, ஓர் உடலில் இரண்டு இருக்கக்கூடும் என்பதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இந்த மேடையின் கோரிக்கைகள் வெளிப்படையானவை. படத்தில் இடம்பெற்ற அதிகாரி தந்த புகாரை வைத்து, நீதித்துறையின் முன்பரிசீலனை இல்லாமல், ஓவியர் மீது 67ஆம் பிரிவைப் போடக் கூடாது. 2019இல் பிறந்த இந்தப் புதிய மாவட்டத்தில் அரசு செலவில் ஓர் ஓவியக்கூடம் திறக்கப்பட வேண்டும். அதில் பீடி சுற்றும் பெண்ணும் திருநங்கையும் தம் உடலைத் தாமே வரைந்து மாட்ட இடம் வேண்டும். அங்கே முதலில் மாட்டப்பட வேண்டிய படம், காசிதர்மத்துக் குழந்தைகளுக்காகப் பாலா வரைந்தது.