நெல்லின் நிழலில் பயறு

பண்பாட்டுச் செல்வம் என்றதும் கோயிலும் சிற்பமும் செப்பேடுமே நம் நினைவுக்கு வருகின்றன. தலத்தெருவில் வாழும் நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். பயறு வகைகளின் வேர்முடிச்சைக் கரும்பலகையில் வரைந்து ஆண்டுதோறும் கற்பித்தேன். ஒருநாள் உழவர் வீட்டுப் பையன் ஒருவன் உளுந்துச் செடியொன்றை வேரோடு கொணர்ந்து என் மேசைமேல் வைத்தான். அது பள்ளிக்கு எதிர்வயலில் விளைந்தது! அன்றுதான் என் கண் திறந்தது.

தை மாதத்தில் சம்பா நெல் முற்றித் தலை சாய்ந்திருக்கும். அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பே, நிற்கும் நெல்லுக்கிடையில் நம் உழவர் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பர். அதற்கெனத் தனி உழவு இல்லை; தனிப் பாசனமும் இல்லை. மண் மட்டும் மெழுகுபோன்ற பதத்தில் இருத்தல் வேண்டும். நீர் தேங்கினால் விதை அழுகும். நிலம் காய்ந்தால் முளைக்காது. அப்பதத்தை அவர் காலால் மிதித்தே அறிவார். நெல் அறுபட்டதும் இளம்பயிர் வெயிலைக் கண்டு, எஞ்சிய ஈரத்தாலும் பனியாலும் வளர்ந்து, கோடையில் காய்க்கும். வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி மண்ணுக்கும் வளம் சேர்க்கும். இது ஏட்டில் பிறந்த அறிவன்று. காலடியில் பிறந்த அறிவு.

இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்குகிறது. அதன் சக்கரம் இளம்பயிரை நசுக்குகிறது; அது இறங்குவதற்காக வயலை முன்கூட்டியே காயவிடவும் வேண்டியுள்ளது. ஆயினும் இயந்திரத்தைப் பழிப்பது முறையன்று. குனிந்து அறுத்தவரின் முதுகுவலியை அறியாமல் பழமையைப் புகழ்வது எளிது. ஆள் கிடைக்காத உழவர் வேறென்ன செய்வார்?

உலக உணவு, வேளாண் நிறுவனம் 2002ஆம் ஆண்டு முதல் மரபு வேளாண் முறைகளை உலகச் செல்வங்களாகப் போற்றும் திட்டத்தை நடத்துகிறது. கடல்மட்டத்துக்கும் தாழ்ந்த நிலத்தில் நெல் விளைவிக்கும் கேரளத்துக் குட்டநாடு 2013இல் அச்சிறப்பைப் பெற்றது. முறையைக் கண்ணாடிப் பேழையில் பூட்டுவது அத்திட்டத்தின் நோக்கமன்று; உழவர் வாழ, அவரோடு முறையும் காலத்துக்கேற்ப மாறி வாழ வேண்டும் என்பதே நோக்கம். 2020இல் தமிழ்நாடு காவிரிப் படுகையைக் காக்கச் சட்டம் இயற்றியது. நாமும் காவிரி நீரை உண்பவரே. எனினும் காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்ததாகையால் அச்சட்டம் நம் வரப்புவரை வருவதில்லை.

ஆதலின் நம் செல்வத்தை முதலில் நாமே அறிதல் வேண்டும். வரும் தையில் குறிப்பேட்டுடன் வயலுக்குச் செல்லுங்கள். மூத்த உழவர் ஒருவரிடம், "ஐயா, இந்தப் பதத்தை எப்படி அறிகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் கூறுவதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு நீங்களும் மிதித்துப் பாருங்கள்.