பல்துறை வீரர் முர்லிகாந்த் பேட்கர்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிழைப்பை நாடி இம்மராட்டிய மண்ணுக்கு வந்த நாம், இங்குப் பிறந்த கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக் கணக்கையெல்லாம் மனப்பாடமாக ஒப்பிப்போம். சாங்கலி மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த முர்லிகாந்த் பேட்கரை நம்மில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? 2024ஆம் ஆண்டில் ‘சந்து சாம்பியன்’ என்னும் இந்தித் திரைப்படம் வரும்வரை நானும் அறிந்திலேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இளமையில் மல்லுப் பயின்ற அவர், இந்தியப் படையிற் சேர்ந்து குத்துச்சண்டையிற் பெயர் பெற்றார். 1965ஆம் ஆண்டுப் போரில் ஒன்பது குண்டுகள் அவர் உடலைத் துளைத்தன. ஒன்று முதுகெலும்பிலேயே தங்கிவிட்டது. கால்கள் செயலற்றன.

உடல் தேறும்பொருட்டு அவரை நீந்தச் செய்தனர். பந்தய நினைவு அப்போது எவருக்கும் இல்லை. காலுதைத்து முன்செல்ல இயலாதவர் நீரிற் படும் பாட்டைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உணர்வற்ற கால்கள் கீழே தாழ்ந்து உடலைப் பின்னுக்கு இழுக்கும். அப்பாரத்தையும் சேர்த்துத் தோள்களே இழுத்துச் செல்ல வேண்டும். குத்துச்சண்டையில் உரமேறிய தோள்கள் துடுப்புகளாயின.

நிற்க. நீச்சலோடு அவர் நின்றாரில்லை. 1968இல் டெல் அவிவ் நகரில் இந்தியா முதன்முறையாகப் பாராலிம்பிக்கிற் கலந்துகொண்டபோது, மேசைப் பந்தாட்டத்தில் இறங்கினார். 1970இல் எடின்பரோவில் நடந்த காமன்வெல்த் பாராபிளெஜிக் போட்டியில் நீச்சலில் தங்கம், ஈட்டி எறிதலில் வெள்ளி, குண்டு எறிதலில் வெண்கலம். ஒரு துறையிற் கால் ஊன்றவே நம் பிள்ளைகள் திணறுகிறார்கள். இவரோ கால் ஊன்றாமலே இத்தனையிலும் புகுந்தார்!

1972ஆம் ஆண்டு ஒலிம்பிக் மியூனிக்கில் நடந்தது. சக்கர நாற்காலி வீரர்களுக்கு அங்கே இடமில்லாமற் போக, அவர்களுடைய விழா ஹைடல்பர்க் நகருக்கு மாறியது. அங்கே 50 மீட்டர் நீச்சலை 37.33 விநாடியில் முடித்துப் பேட்கர் உலகச் சாதனை படைத்தார். பாராலிம்பிக்கில் பாரதம் பெற்ற முதல் தங்கம் அதுவே. அதே விழாவில் ஈட்டியும் எறிந்தார். தடைகளுக்கிடையே சக்கர நாற்காலியை வளைத்துச் செலுத்தும் போட்டியிலும் பங்கேற்றார்.

பின்னர்ப் புனேயில் டெல்கோ ஆலையில் வேலை பார்த்தார். 1982இல் அர்ஜுனா விருது கோரினார், மறுக்கப்பட்டார். நம் சேலத்துப் பிள்ளை மாரியப்பன் 2016இல் ரியோவில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். மறு ஆண்டே பத்மஸ்ரீ பெற்றார். மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதே. ஆயினும் நாற்பத்து நான்கு ஆண்டுகள் முன்னே வென்ற பேட்கருக்கு அவ்விருது 2018இலேதான் வந்தது. வாழ்நாட் சாதனைக்கான அர்ஜுனா விருதோ 2025 சனவரியில்! மூத்தவர் வரிசையின் கடையில் நின்ற கதை இது.

பெரியோர்களே, நம் மண்டபத்துக்கு ஏழு படிகள். நம் மூத்த உறுப்பினர் ஒருவரைச் சற்று முன்பு நான்கு இளைஞர்கள் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். அவர்களுக்கு நன்றி. தூக்கப்பட்டவரின் முகத்தையும் நான் பார்த்தேன். படியோரம் சாய்தளம் அமைக்க வரும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்; விழா முடிந்ததும் என்னைக் காணலாம்.