பயத்தைக் கட்டிக் கொடுக்க வேண்டாம்

(கொட்டாஞ்சேனையில் தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



தீபாவளிக்கு லயத்துக்கு வந்துவிட்டு மறுபடி கொழும்புக்குப் புறப்படும் பிள்ளையிடம் நாம் என்ன சொல்கிறோம்? "கவனமா இரு. யாருகிட்டயும் வாய் குடுக்காத. மொதலாளி சொல்றதக் கேட்டுக்க." பையில் பலகாரத்தோடு பயத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறோம்.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 1948இல் நம் பாட்டன்மாருக்குப் பிரஜாவுரிமை இல்லாமற் போனது. 1983இல் கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களில் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள்.

ஆனால் நாம் எப்போதும் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறோம். மறுபாதியையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குப் போட்டது. மறுநாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்குத் தடை போட்டது. நாடற்றவராக மிஞ்சியிருந்த நம்மவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல் வந்தது. இவையெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்து கிடைத்தவையா? இல்லை, கேட்டதால் கிடைத்தவை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பி. கொழும்பில் ஒரு பேக்கரியில் ஆறு வருடம் மாவு பிசைந்தான். நியமனக் கடிதம் கேட்கப் பயம். "கேட்டா நிப்பாட்டிருவாங்க" என்பான். கடை மூடியபோது கையில் இருந்தது அந்த மாதச் சம்பளம் மட்டும். தோட்டத்தில் வேலை செய்த அப்பாவுக்கு ஈ.பி.எப். பணம் வந்தது, கொழும்பில் உழைத்த மகனுக்கு ஒரு சதமும் இல்லை.

அடுத்த இடத்தில் முதல் நாளே கேட்டான். முதலாளி ஒரு பார்வை பார்த்தார். ஆனாலும் கடிதம் கொடுத்தார்.

பிள்ளைகளே, சின்னக் கடையானாலும் சட்டம் ஒன்றுதான். ஈ.பி.எப்.புக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்தால், முதலாளி தன் பங்காக 12 வீதம் போட வேண்டும். ஈ.ரி.எப்.புக்கு இன்னும் 3 வீதம், அதுவும் அவர் பணம். தராவிட்டால் தொழில் காரியாலயத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. பல வருடம் கையால் பழகிய தொழிலைச் செய்து காட்டி, பரிசோதனையில் தேறினால், முழு வகுப்புக்குப் போகாமலே என்.வி.கியூ. சான்றிதழ் பெறலாம். நைட்டா என்ற அரச நிறுவனத்தில் விசாரியுங்கள். அந்தத் தம்பி இப்போது அதற்குத்தான் ஆயத்தமாகிறான்.

பெற்றோருக்கும் ஒன்று. படிக்கிற பிள்ளையைக் கொழும்பில் வீட்டு வேலைக்குக் கேட்டுத் தரகர் வந்தால், அதைச் சந்தர்ப்பம் என்று நினைத்துவிடாதீர்கள். வேலைக்குச் சேர்க்கும் ஆகக் குறைந்த வயதை 2021இல் சட்டம் 14இலிருந்து 16ஆக உயர்த்தியது. அங்கே பயப்படத்தான் வேண்டும். "இல்லை" என்று சொல்லவும் வேண்டும்.

பயம் இல்லாதவர் யாரும் இல்லை. எங்களுக்கும் உண்டு. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டால் போதும்.

அடுத்த முறை பிள்ளை புறப்படும்போது பலகாரம் கட்டுங்கள். அடையாள அட்டை, பிறப்பத்தாட்சிப் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். வாசலில் நின்று சொல்லுங்கள்: "கவனமா போ. கடிதத்தக் கேட்டு வாங்கு."