கண்ணிமையில் ஒரு கைத்தொழில்

(வெள்ளிவிழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



தொழிற்கல்வியைப் பற்றிப் பேசுமாறு கழகத்தார் எங்களைப் பணித்தனர். எல்லாத் தொழில்களையும் பொதுவாகப் புகழ்ந்துரைப்பதைவிட, எங்கள் கைகள் அறிந்த ஒன்றைப் பற்றிச் சொல்வதே முறையெனக் கருதினோம். நாங்கள் மூவர், இக்கழகத்தின் மாலை வகுப்பில் பயின்றவர்கள். இன்று திருவரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய சிறு அறையொன்றில் மணமகள் ஒப்பனையும் இமைமுடி நீட்டும் வேலையும் செய்து வருகிறோம். ‘ஐலாஷ் எக்ஸ்டென்ஷன்’ என்று தில்லைநகர்க் கடைப் பலகைகளில் நீங்கள் படித்திருக்கக்கூடும். “இதுவும் ஒரு தொழிலா, பிள்ளைகளே?” என்று இவ்வவையில் அமர்ந்துள்ள பெரியவர் ஒருவர் எங்களைக் கேட்டதுண்டு. அவர் கேள்விக்கு விடையாகவும் இவ்வுரை அமையட்டும்.

பொய்யிமை புதிய பொருளன்று. கனடா நாட்டுப் பெண்மணி அன்னா டெய்லர் என்பார் 1911ஆம் ஆண்டிலேயே செயற்கை இமைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். 1916இல் வெளிவந்த ‘இன்டாலரன்ஸ்’ என்னும் ஊமைப்படத்திற்காக, மனித முடியை மெல்லிய வலைத்துணியில் கோத்து நடிகையின் இமைமேல் ஒட்டினர். நம் திரைப்பட நடிகையரும் அத்தகைய பட்டை இமைகளைக் காலையில் ஒட்டி மாலையில் கழற்றியவர்களே. இப்போதைய முறை வேறு. ஒவ்வோர் இயற்கை முடியின்மீதும் தனித்தனியே ஓர் இழையை ஒட்டுகிறோம். அது இரண்டு மூன்று வாரம் நிற்கும். சமயபுரத்தில் காணிக்கையாகச் சேரும் முடியிலிருந்துதான் இவ்விழைகள் வருகின்றனவா எனப் பலர் எங்களைக் கேட்கின்றனர். கோயில் முடி ஏலம் போய்ச் சவுரியும் விக்கும் ஆகிறது. நாங்கள் ஒட்டுவது பி.பி.டி. என்னும் பாலியெஸ்டர் வகை இழை.

தொழிலின் உயிர்நிலை பசையில் இருக்கிறது. இது சயனோ அக்ரிலேட் என்னும் வேதிப்பொருள். 1942இல் கோடாக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்பவர், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிந்த பிளாஸ்டிக் தேடியபோது இது கையில் சிக்கியது. தொட்ட இடமெல்லாம் ஒட்டுகிறதென்று அன்று ஒதுக்கினர். 1958இல் அதுவே பசையாக விற்பனைக்கு வந்தது. மளிகைக் கடையில் கிடைக்கும் உடனடிப் பசையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் அது கண்ணருகே வரக்கூடாது. இமைக்கென்று செய்யப்பட்ட பசையையே வாங்க வேண்டும். இப்பசை வெயிலில் காய்வதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உண்டுதான் இறுகுகிறது. இந்த ஓர் உண்மையைப் புரிந்துகொள்ள எங்களுக்கு ஓராண்டு பிடித்தது. ஐப்பசி மழையில் காவிரிக் கரையின் ஈரக்காற்று அறைக்குள் புகுந்தால், இழை முடியைச் சேருமுன்பே பசை இறுகிவிடும். சித்திரையில் குளிர்சாதனப் பெட்டியை ஓடவிட்டால் அறை உலர்ந்து, பசை இறுகாமல் வழுக்கும். ஆகவே சுவரில் ஈரமானி ஒன்றை மாட்டியிருக்கிறோம். நூற்றுக்கு 40 முதல் 60 வரை ஈரம் இருந்தால் வேலை ஓடும். மேற்கூரை மின்விசிறியின் கீழ்ப் படுக்கையைப் போடலாகாது. ஆடிக் காற்று அடிக்கும் நாளில் சன்னலைத் திறந்து வைத்தால், அக்கரைப் புழுதி முழுவதும் இமையில் வந்து தங்கும். அதற்காக அறையை முற்றாக அடைத்துவிடவும் முடியாது. பசையின் ஆவி நம் மூக்கையும் கண்ணையும் உறுத்தும். முகக்கவசம் அணிந்து, ஆவி வெளியேற ஒரு வழி வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வேலைமுறை. மேலிமையில் ஏறத்தாழ 90 முதல் 150 முடிகள் இருக்கும். நீளம் 8 முதல் 12 மில்லிமீட்டர். முதலில் கண்மையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நுரைநீரால் கழுவித் துடைக்க வேண்டும். நம் பெண்கள் இமையில் விளக்கெண்ணெய் தடவும் வழக்கமுடையவர்கள். அந்த எண்ணெய் எள்ளளவு இருந்தாலும் பசை பிடிக்காது. கண் வில்லை அணிந்தவர் அதைக் கழற்றிவிட வேண்டும். கீழிமை முடிகளை மறைத்து ஜெல் பட்டை ஒட்டுகிறோம். அதன் விளிம்பு வெள்ளைவிழியில் உரசாமல் பார்த்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கண்ணை மூடிப் படுத்த பிறகு, இடக்கையிலுள்ள ட்வீசர் என்னும் சாமணத்தால் ஒரே ஒரு முடியைத் தனியே பிரித்து நிறுத்துகிறோம். வலக்கைச் சாமணத்தால் இழையின் நுனிப்பக்கத்தைப் பற்றி, அடிப்பக்கத்தைப் பசையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தோய்த்து மெல்ல இழுக்கிறோம். உருண்டையாகப் பசை தொங்கினால் அவ்விழையை எறிந்துவிட வேண்டும். தோலிலிருந்து அரை முதல் ஒரு மில்லிமீட்டர் விட்டு, முடியின்மேல் படுக்க வைத்து, ஓரிரு நொடி பிடித்திருந்து கையை எடுக்கிறோம். இடக்கண்ணில் ஒன்று, வலக்கண்ணில் ஒன்று என மாறி மாறிச் செய்தால் ஒட்டிய இடம் இறுக நேரம் கிடைக்கும். இப்படி இரண்டு மணி நேரம்.

பிரித்து நிறுத்துதலே இத்தொழிலில் கடினமானது; இதைக் கற்க வந்த பலர் இங்கேயே நின்றுவிடுகின்றனர். இரண்டு முடிகள் சேர்ந்து ஒட்டிக்கொண்டால் கண்ணுக்கு உடனே தெரியாது. முடிகள் வெவ்வேறு வேகத்தில் வளர்வன. ஒன்று வளர்ந்து மற்றொன்றை வேரோடு இழுக்கும். வலிக்கும், உதிரும். தடிமனும் அவ்வாறே. தனி இழைக்கு 0.15 மில்லிமீட்டர் போதும். மெல்லிய முடிக்கு 0.10 அல்லது 0.12. இயற்கை முடியைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குமேல் நீளம் கூடலாகாது. திரைப்பட நடிகை போல வேண்டுமென்று புகைப்படம் காட்டுவோர் உண்டு. அப்பாரத்தைத் தாங்கும் முடி அவர்களுக்கு இல்லையெனில், இல்லையென்றே சொல்கிறோம். சிலர் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவதும் உண்டு. ஒட்டிய இழையை ஒருபோதும் பிய்த்தெடுக்கக்கூடாது. அதற்கென உள்ள களிம்பைத் தடவிப் பசை இளகிய பின்னரே எடுக்க வேண்டும். கண்ணில் பசை பட்டுவிட்டால் நீரால் நெடுநேரம் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். 1934 முதல் இயங்கிவரும் ஜோசப் கண் மருத்துவமனை திருச்சியிலேயே இருக்கிறது.

எங்கள் தவறொன்றையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறோம். பசை ஒத்துக்கொள்ளுமா என்பதை அறிய, ஒரு நாளோ இரண்டு நாளோ முன்னதாகச் சில இழைகளை மட்டும் ஒட்டிப் பார்ப்பது விதி. ஒரு வைகாசி முகூர்த்தத்திற்கு முதல்நாள் மாலை மணப்பெண் ஒருத்தி வந்தாள். நேரமில்லை, அவள் தாயார் கெஞ்சினார், கூலியும் நல்ல கூலி. விதியை விட்டுவிட்டு ஒட்டினோம். விடியற்காலையில் அவளது இமைகள் இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன. கண் மருத்துவரிடம் காட்டி, இழைகளை நீக்கி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவளுடைய கலியாணப் புகைப்படங்களைத் திருப்பிக் கொடுக்க எங்களால் இயலவில்லை. அன்று அவ்வீட்டார் சொன்ன சொல் இன்றும் காதில் இருக்கிறது: “அந்தத் தெருப் பிள்ளைகளிடம் போனால் இப்படித்தான்.” பிறர் பிழைத்தால் கடையின் பெயர் கெடும். நாங்கள் பிழைத்ததால் தெருவின் பெயர் கெட்டது. அதுமுதல் முன்சோதனை இல்லாமல் எவர் கண்ணையும் தொடுவதில்லை. மெட்ராஸ் ஐ கண்டவர், இமையில் புண்ணுள்ளவர், அண்மையில் கண் அறுவை செய்துகொண்டவர் ஆகியோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறோம். முன்பு பலமுறை ஒத்துக்கொண்ட பசை பின்னொரு நாள் ஒவ்வாமல் போவதும் உண்டு; ஆதலால் பழைய வாடிக்கையாளரையும் ஒவ்வொரு முறையும் விசாரிக்கிறோம்.

தெருவைக் குறிப்பிட்டோம், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாதி என்பது வேலையைப் பிரிப்பதோடு நில்லாமல் வேலை செய்வோரையே பிரிப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். எந்தத் தெருவில் எங்கள் முன்னோர் நடக்கவும் தயங்கினரோ, அத்தெருவிலிருந்து வருவோர் இன்று எங்கள் கைக்கீழ்க் கண்மூடிப் படுக்கிறார்கள். படுப்பதற்கு முன் ஒரு மாமி கேட்டார்: “உனக்கு எந்தத் தெரு, அம்மா?” எங்களில் மூத்தவர் தெருவின் பெயரை உள்ளபடி சொன்னார். மாமி சற்றுநேரம் கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பின்பு படுத்தார். இன்றுவரை மூன்று வாரத்திற்கொரு முறை வருகிறார். கேட்டுவிட்டு எழுந்து போனவர்களும் உண்டு. அவர்களுக்கு வைத்திருந்த நேரத்தில் பொம்மைத் தலையில் பழகிக்கொள்கிறோம்.

வருவாயைப் பற்றிச் சுருக்கமாக. இரண்டு மணி நேர வேலைக்கு நாங்கள் 2,500 ரூபாய் வாங்குகிறோம். தை, வைகாசி, ஆவணியில் வேலை மிகும். ஆடியிலும் மார்கழியிலும் கடை வெறிச்சோடும். அவ்விரு மாத வாடகையை முன்கூட்டியே எடுத்துவைக்காதவர் நிலைக்க மாட்டார். கழுத்தும் முதுகும் வலிக்கும்; நாளொன்றுக்கு மூவருக்குமேல் ஒருவர் செய்வது கூடாதென்பது எங்கள் கணக்கு. பயிற்சியைப் பொறுத்தமட்டில், ஒரே நாளில் சான்றிதழ் தருவோரை நம்ப வேண்டாம். நாங்களே அப்படி ஒரு சான்றிதழுக்குப் பணம் கட்டி, உயிருள்ள ஓர் இமையைத் தொடாமலே வீடு திரும்பியவர்கள். 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ நிறுவனம் நம் இளைஞர்க்கு அழகுக்கலைப் பயிற்சியும் சுயதொழில் கடனுதவியும் வழங்கி வருகிறது. அதன் மாவட்ட அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள்.

வரும் ஆடியில் எங்களுக்கு வேலை குறைவு. அம்மாதம் முழுவதும் ஞாயிறுதோறும் இக்கழகக் கட்டடத்தில் பிரித்து நிறுத்தும் பழக்கத்தைச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறோம். ஆண்பிள்ளைகளும் வரலாம். பொம்மைத் தலைகள் ஐந்து உள்ளன. சாமணம் இரண்டை மட்டும் அவரவரே வாங்கி வரவேண்டும். வருமுன் கண்பார்வையைச் சோதித்துக்கொண்டு, பெயரைச் செயலாளரிடம் பதிந்து வையுங்கள்.