மோட்டார் வண்டிக் காப்பீட்டில் சிக்கனம்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வீட்டில் திருமணம் நிச்சயமாயிற்றென்றால் முகூர்த்தப் புடவை எடுக்க வண்ணாரப்பேட்டைக்குப் புறப்படுவது நம் பக்கத்து வழக்கம். எம்.சி. ரோட்டில் நான்கு கடைகளேனும் ஏறி இறங்கி, விலையை ஒத்துப் பார்த்த பின்னரே நம் தாய்மார்கள் பணப்பையைத் திறக்கின்றனர். ஆனால் அவர்களை ஏற்றிச் சென்ற வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுக்கும் பொழுது மட்டும், ஏஜெண்டு நீட்டிய தாளில் கையெழுத்திட்டு, கேட்ட தொகையைக் கொடுத்துவிட்டு நாம் வந்துவிடுகிறோம். புடவைக்குக் காட்டும் கவனத்தில் பாதியையாவது இதற்குக் காட்டினால் என்ன என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தடை செய்கிறது. முதன்முறை பிடிபட்டால் 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அபராதமாவது கட்டித் தீர்ந்துவிடும். மணலி, எண்ணூர், திருவொற்றியூர்ச் சாலைகளில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே நாம் வண்டி ஓட்டுகிறோம். நம் வண்டி மோதி ஒருவர் உயிரிழந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை பல லட்சமாகலாம். காப்பீடு இல்லையெனில் அத்தொகை நம் தலையில் விழும். கட்டத் தவறினால் கலெக்டர் மூலமாக நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்க 174-ஆம் பிரிவு இடம் தருகிறது. நிலவரி பாக்கி எவ்வாறு வசூலாகும் என்பதை இந்த அவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி விலைக்கு வருவோம். காப்பீட்டுக் கட்டணத்தில் இரண்டு பகுதிகள் உள. பிறருக்கு நேரும் கேட்டிற்கான மூன்றாம் நபர் பகுதி ஒன்று. இதன் விலையை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு 714 ரூபாய், 1,000 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு 2,094 ரூபாய், வரி தனி. எந்தக் கம்பெனியிலும் இதே விலைதான். ஆகவே இப்பகுதியில் மலிவு தேடி அலைவது வீண்.

மற்றொன்று, நம் வண்டிக்கே நேரும் சேதத்திற்கும் திருட்டிற்கும் உரிய பகுதி. 2007 ஜனவரி வரை இதற்கும் ஒரே கட்டண அட்டவணை இருந்தது. அதன்பின் கம்பெனிகள் தாமே விலை வைக்கத் தொடங்கின. பேரம் பார்க்க வேண்டிய இடம் இதுவே. ஒப்பிட்டுக் காட்டும் இணையதளங்கள் இதற்காக ஏற்பட்டவை. 2008-இல் தொடங்கிய பாலிசிபஜார் அவற்றுள் பலரும் அறிந்தது. வண்டி எண்ணையும் பழைய பாலிசி விவரத்தையும் கொடுத்தால் பல கம்பெனிகளின் விலை வரிசையாக வரும். எல்லாக் கம்பெனியும் எல்லாத் தளத்திலும் இரா. எனவே அங்கே கண்ட விலையைக் கம்பெனியின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை பார்த்துவிடுதல் நன்று. (தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டால் நாற்று நடும் வேளையிலும் அழைப்பு வந்துகொண்டே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.)

ஒப்பிடும்பொழுது நாம் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஐ.டி.வி. என்று தாளில் அச்சிட்டிருப்பார்கள். வண்டி திருடு போனாலோ முற்றிலும் அழிந்தாலோ கம்பெனி கணக்கில் கொள்ளும் மதிப்பு அது. கடைவிலை ஒரு லட்சமான மோட்டார் சைக்கிளுக்கு இரண்டரை ஆண்டு வயதென்று வைத்துக்கொள்வோம். 30 விழுக்காடு தேய்மானம் போக மதிப்பு 70,000 ரூபாய். ஒரு விலைப்பட்டியல் இதை 55,000 என்று போட்டு, கட்டணத்தில் இருநூறு ரூபாய் குறைத்துக் காட்டும். நாமும் மகிழ்ந்து வாங்குவோம். எம்.சி. ரோட்டு நெரிசலில் நிறுத்திய வண்டி காணாமற்போகும் அன்று, அந்த இருநூறு ரூபாய்க்காக நாம் இழந்தது பதினைந்தாயிரம் என்று தெரியவரும். ஆதலின் ஐ.டி.வி.யைச் சமமாக வைத்த பின்னரே விலையைச் சமன் பார்க்க வேண்டும்.

வேறொரு மயக்கமும் நம்மிடையே பரவலாக உளது. 2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு, காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே எடுக்க வேண்டும். "ஐந்து வருடத்திற்கு இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று நாம் நிம்மதியாயிருக்கிறோம். சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஓராண்டிலேயே முடிந்திருக்கும். அதைத் தனியாக, வேறு கம்பெனியிலும் எடுக்கலாம்.

நஷ்டம் கோராத ஆண்டுகளுக்கு நோ கிளெய்ம் போனஸ் உண்டு. முதலாண்டு முடிவில் 20 விழுக்காடு, பின் 25, 35, 45, ஐந்தாண்டில் 50 என்று சொந்தச் சேதக் கட்டணத்தில் தள்ளுபடி வளரும். எந்தப் பேரத்திலும் கிடைக்காத சிக்கனம் இது. சிறு நசுங்கலுக்கெல்லாம் கோரிக்கை வைத்தால் இந்தப் போனஸ் முழுதும் போய்விடும். 1,500 சி.சி. வரையுள்ள காரில் பழுதுச் செலவு 1,500 ரூபாய் என்றால், கட்டாயக் கழிவு 1,000 போகக் கைக்கு வருவது ஐந்நூறு. அடுத்த ஆண்டு இழக்கும் தள்ளுபடியோ இரண்டாயிரம், மூவாயிரமாகலாம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போகும். இது வண்டிக்கு உரியதன்று, உடைமையாளருக்கு உரியது. பழைய வண்டி வாங்குவோர் விற்றவரின் போனசைத் தமதென்று எழுதிக்கொள்ளலாகாது; பதினான்கு நாளுக்குள் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்ற எழுதித்தர வேண்டும்.

அடுத்து கேஷ்பேக். "எங்கள் மூலம் எடுங்கள், ஐந்நூறு ரூபாய் திருப்பித் தருகிறோம்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. அண்டை வீட்டாரும் அவ்வாறே சொல்கின்றனர். சோப்புக்கும் செல்பேசிக்கும் இத்தகைய சலுகை வழக்கமாயிருக்கலாம். இன்சூரன்சில் சட்டம் வேறு. 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, பாலிசி எடுக்கத் தூண்டுவதற்காகக் கமிஷனிலோ கட்டணத்திலோ ஒரு பங்கைத் திருப்பித் தருவதைத் தடுக்கிறது. தருபவரை மட்டுமன்று, பெறுபவரையும் அது கட்டுப்படுத்தும். அபராதம் பத்து லட்சம் ரூபாய் வரை. கம்பெனி தன் கட்டண விவரத்திலேயே வெளிப்படையாக அறிவித்த தள்ளுபடிக்குத் தடையில்லை. அது பாலிசித் தாளில் கழித்துக் காட்டப்பட்டிருக்கும். அட்டை கொடுத்த வங்கி எல்லாச் செலவிற்கும் பொதுவாகத் தரும் புள்ளிகளும் வேறு செய்தி.

சட்டம் கிடக்கட்டும், அந்த ஐந்நூறு ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பார்ப்போமா? ஏஜெண்டின் கமிஷனிலிருந்து வரலாம். ஐ.டி.வி.யைக் குறைத்தும், இல்லாத போனசை இருப்பதாக எழுதியும், வாடகைக்கு ஓடும் வண்டியைச் சொந்த உபயோகம் என்று காட்டியும் வருவதுண்டு. பொய் விவரம் நம் கையெழுத்தின்மேல் நிற்கிறது. கோரிக்கை வைக்கும் நாளில் கம்பெனி முந்தைய கம்பெனியை விசாரிக்கும். ஏஜெண்டோ அன்று தொலைபேசியை எடுக்கமாட்டார். எல்லாவற்றிலும் கொடியது, தாளே போலியாயிருப்பது. பணத்தைத் தனியார் கணக்கிற்கு அனுப்பாமல் கம்பெனியின் பெயருக்கே செலுத்துவோம். பாலிசியிலுள்ள க்யூ.ஆர். கட்டத்தைச் செல்பேசியில் பார்த்தும், எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டும் காப்பீடு பதிவாகியிருக்கிறதா என்று அறியலாம்.

குட்டியானையிலும் டிராக்டர் டிரெய்லரிலும் திருமணக் கூட்டத்தை ஏற்றிச் செல்லும் பழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் சென்ற பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பன்று என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. சரக்கின் உடைமையாளரோ அவருடைய ஆளோ உடன் செல்வது வேறு. எவ்வளவு விலை கொடுத்து எடுத்த பாலிசியானாலும் உறவினரை ஏற்றிய டிரெய்லருக்கு அதை நம்ப இயலாது.

மலிவைப் பார்த்து வெள்ளத்தை மறக்கவும் கூடாது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வீசிய 2023 டிசம்பரிலும் வடசென்னை நீரில் கிடந்ததை நாம் கண்டோம். முழுப் பாலிசியில் வெள்ளச் சேதம் அடங்கும். ஆனால் நீரில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்து, அதனால் எஞ்சின் உடைந்தால், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திராவிடில் பணம் கிடைப்பது அரிது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை வழியே மழைநாளில் செல்ல நேரும் கார் உடைமையாளர்கள் அப்பிரிவுக்குக் கொடுக்கும் தொகை வீண் அன்று. நீர் புகுந்த வண்டியைச் சாவி போடாமல் தள்ளியோ இழுத்தோதான் பழுதுபார்க்குமிடம் சேர்க்க வேண்டும்.

கோரிக்கையைக் கம்பெனி மறுத்தால் முதலில் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் முறையிடலாம். அதன் பின்னரும் தீராவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டிற்குள் மனுக் கொடுக்கலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. மனு எழுதத் தெரியாதவர்கள் பாலிசித் தாளையும் மறுப்புக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு ஒன்றிய அலுவலகத்திற்கு வந்தால், நாம் உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.